ஆட்டோ (சி நிரல்மொழிக் குடும்பம்)

ஆட்டோ என்பது சி, சி++ நிரல்மொழிகளில் உள்ள சிறப்புச்சொல். மாறியின் சேமிப்பு வகையைக் குறிக்கத் தோன்றிய இது, பின்னர் மாறியின் தரவினத்தை நிரல்பெயர்ப்பியே உய்த்தறியச் செய்யும் சொல்லாக மாறியது.

தோற்றம்

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் 1969 அளவில் உருவாக்கிய பி மொழியில் தரவினங்களே இல்லை. எல்லா மதிப்பும் கணினியின் ஒரு சொல் அளவில் அடங்கின. எனவே அறிவிப்பு சொல்ல வேண்டியிருந்தது மாறியின் இருப்பை மட்டுமே. செயற்கூறு இயங்கும்வரை மட்டும் வாழும் மாறிக்கு ஆட்டோ, வெளியே வரையறுக்கப்பட்டதற்கு எக்ஸ்டர்ன் என்று எழுதினர்.

இன்ட் என்னும் இயல்பினம்

பின்னர் வந்த பிடிபி-11 என்னும் கணினி, சொல் சொல்லாக அல்லாமல், நினைவகத்தைப் பைட் பைட்டாக அணுகியது. எனவே எழுத்தையும் எண்ணையும் பிரித்தறிய, அதே ஆய்வகத்தின் டென்னிஸ் ரிட்சி பி மொழியில் தரவினங்களைச் சேர்த்தார். அது 1970களின் தொடக்கத்தில் சி ஆயிற்று. தரவினம் குறிக்காவிட்டால் இன்ட் என்னும் முழு எண் தரவினம் என்று கொள்ளப்பட்டதால் பழைய நடை தொடர்ந்து செல்லுபடியானது. மறுபுறம், செயற்கூறுக்குள் சேமிப்பு வகை குறிக்காவிட்டால் ஆட்டோ என்றே பொருள். இதனால் ஸ்டாட்டிக், எக்ஸ்டர்ன் ஆகிய பிற சேமிப்பு வகைச் சொற்களைப் போல் அல்லாமல், ஆட்டோவை எழுதினாலும் எழுதாவிட்டாலும் வேறுபாடு இல்லாமல் போனது.

இன்ட் இயல்பினம் சிக்கல்களையும் தந்தது. அறிவிக்கப்படாத செயற்கூறு இன்ட் திருப்புவதாகக் கொள்ளப்பட்டதால், 64 பிட் கணினிகளில் அது திருப்பும் சுட்டியின் மேல் பாதி தொலைந்துபோக முடிந்தது. 1989ஆம் ஆண்டின் ஆன்சி தரம் இவ்விதியை வைத்துக்கொண்டது, சி99 தரம் நீக்கியது. ஆயினும் நிரல்பெயர்ப்பிகள் நெடுங்காலம் எச்சரிக்கையோடு விட்டுவிட்டன. ஜிசிசி நிரல்பெயர்ப்பி 2024இல் வெளியான 14ஆம் பதிப்பில்தான் இதை இயல்பாகவே பிழையாக்கியது.

புதுப்பொருள்

சி++ மொழியை உருவாக்கிய பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப், 1980களிலேயே ஆட்டோவைத் தரவினம் உய்த்தறியப் பயன்படுத்திப் பார்த்து, சி மொழியோடு முரண்பட்டதால் கைவிட்டார். சி++98 தரம் இன்ட் இயல்பினத்தை நீக்கியதும், தரவினமின்றி ஆட்டோ மட்டும் வரும் அறிவிப்பு பொருளற்றதாகி, அவ்விடம் காலியானது. சி++11 அதில் புதுப்பொருளை அமர்த்தி, பழைய பொருளை அகற்றியது. சி23 தரமும் உய்த்தறிதலை ஏற்றது; ஆனால் தரவினத்தோடு சேர்த்து எழுதினால் பழைய பொருள் அதில் இன்றும் நீடிக்கிறது.

செயற்கூறுக்குள் ஆட்டோ என எழுதி, தரவினம் தராமல், ஒரு மாறிக்கு 3.5 என்ற தொடக்க மதிப்பு கொடுத்தால், 1989 தரத்தில் அது 3 என்னும் முழு எண்ணாகும், சி99இல் பிழை, சி23இல் 3.5 என்னும் பதின்ம எண்.