48 மணி நேரம்

போன மாதம் ஒரு புதன்கிழமை ராத்திரி, இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கையிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு எண் மட்டும் வந்தது: 118. கூட ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. போன வருஷம் எட்டாவது வாரத்தில் கரு கலைந்தவள். அதனால் இந்த முறை நாள் தள்ளிப்போனதுமே ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். "டபுள் ஆகணுமாம்க்கா" என்றாள்.

வெள்ளிக்கிழமை 251 வந்தது. "அப்போ சரிதானேடி?" என்றேன். "இனிமே ஸ்கேன்தான், மூணு வாரம் கழிச்சு. மிட்வைஃபைப் பார்க்கிறது அதுக்கும் அப்புறம். அதுவரைக்கும் ஒண்ணும் கிடையாது."

அந்த 'ஒண்ணும் கிடையாது' என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த எண் எங்கிருந்து வந்தது, ஏன் 48 மணி நேரம், ஏன் அதற்கு அப்புறம் வெறும் காத்திருப்பு? தேடிப் படித்ததில் கிடைத்ததை இங்கே குறித்துவைக்கிறேன்.

நம் ஊரில் 'முழுகாம இருக்கா' என்பார்கள். மாதா மாதம் தலைக்குக் குளிக்கிறவள் குளிக்கவில்லை, அவ்வளவுதான் சேதி. ஒரு மாதம் தள்ளிப்போனால் யாரும் நம்ப மாட்டார்கள். ரெண்டு மாதம் ஆனால்தான் பேச்சே எழும். பல கருக்கள் அதற்குள் வந்த சுவடு தெரியாமல் போயிருக்கும். அவற்றுக்குப் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை.

இந்த நிலைமை மாறியது பெர்லினில். சாரிடே மருத்துவமனையில் செல்மார் ஆஷ்ஹைம், பெர்ன்ஹார்ட் சோண்டெக் என்ற இருவர், கர்ப்பிணிகளின் சிறுநீரை வயதுக்கு வராத பெண் சுண்டெலிகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். நாலைந்து நாளில் எலியை அறுத்துப் பார்த்தால் சினைப்பை முதிர்ந்திருந்தது. 1928ல் இதை ஒரு சோதனையாக அறிவித்தார்கள். அந்த ஹார்மோன் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரியிலிருந்து வருகிறது என்று நினைத்தார்கள். அது தப்பு, நஞ்சுக்கொடியிலிருந்துதான் வருகிறது. ஆனால் சோதனை சரியாக வேலை செய்தது. (இருவருமே யூதர்கள். ஹிட்லர் வந்த பிறகு ஒருவர் பாரிசுக்கும், மற்றவர் ஸ்வீடன் வழியாக ஜெருசலேமுக்கும் போய்ச் சேர்ந்தார்கள்.)

1929ல் எடின்பரோவில் இதற்கென்றே ஒரு சோதனை நிலையம் தொடங்கியது. சிறுநீர் பாட்டிலைத் தபாலில் அனுப்பலாம். ஆனால் டாக்டர்தான் அனுப்ப வேண்டும், பதிலும் டாக்டருக்குத்தான் போகும். யாருடைய சிறுநீரோ அவளுக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள்.

அதே 1929ல் பிரிட்டன் சுகாதார அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை போட்டது. கர்ப்பிணி எப்போதெல்லாம் வரவேண்டும் என்ற அட்டவணை: முதல் முறை 16வது வாரம், பிறகு 24, 28, அப்புறம் 36 வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வாராவாரம். பிரசவத்தில் தாய்மார்கள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. ரத்த அழுத்தமும் ஜன்னியும் கடைசி மாதங்களில்தான் ஆளை அடிக்கும் என்பதால் கவனமெல்லாம் அங்கேயே குவிந்தது. அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒரே வருஷத்தில் ஒரு கதவு சீக்கிரம் தெரிந்துகொள்ளத் திறக்கிறது, இன்னொரு கதவு 'நாலாம் மாசம் வாம்மா' என்கிறது. என் தங்கைக்கு மிட்வைஃப் சந்திப்பு பத்தாவது வாரத்துக்குள் கிடைத்துவிடும். 16 எவ்வளவோ முன்னால் வந்திருக்கிறது. ஆனாலும் சேதி தெரிகிற நாள் அதைவிட வேகமாக முன்னால் ஓடிவிட்டது.

முயல், தென்னாப்பிரிக்கத் தவளை என்று பிராணிகள் மாறிய கதை எல்லாரும் எழுதியாகிவிட்டது, அதை விடுகிறேன். என்னை நிறுத்தியது வேறொரு கதை.

கோரியோகார்சினோமா என்று ஒரு புற்றுநோய். நஞ்சுக்கொடியின் செல்களே கட்டியாகி உடம்பெங்கும் பரவும். அந்தக் கட்டியும் இதே ஹார்மோனைச் சுரக்கும். 1956ல் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மின் சியு லீ என்ற டாக்டர் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தால் இதற்குச் சிகிச்சை கொடுத்தார். கட்டி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது, ஆனால் சிறுநீரில் ஹார்மோன் கொஞ்சம் மிச்சமிருந்தது. அது பூஜ்யமாகும்வரை மருந்தை நிறுத்த மாட்டேன் என்றார் லீ. வீணாக விஷம் ஏற்றுகிறார் என்று அவரை வேலையைவிட்டுப் போகச் சொன்னார்கள். அவர் செய்ததுதான் சரி என்று பிற்பாடு தெரிந்தது.

அந்த 'கொஞ்சம் மிச்ச'த்தை நிச்சயமாக அளக்க நல்ல சோதனை தேவைப்பட்டது. சினைமுட்டை வெளிவரத் தூண்டும் இன்னொரு ஹார்மோனும் இதைப் போலவே இருப்பதால் பழைய சோதனைகள் குழம்பின. இரண்டுக்கும் ஒரு பாதி ஒன்றேதான். மறு பாதியான பீட்டாவில்தான் வித்தியாசம். ஜூடித் வைட்டுகைட்டிஸ், க்ளென் பிரௌன்ஸ்டீன், க்ரிஃப் ராஸ் மூவரும் அந்தப் பீட்டாவை மட்டும் பிடிக்கும் ரத்தப் பரிசோதனையை 1972ல் வெளியிட்டார்கள். இன்று லேப் ரிப்போர்ட்டில் 'பீட்டா எச்சிஜி' என்று இருக்கிறதே, அந்தப் பீட்டா இதுதான்.

ஆக, இந்த எண் குறைய வேண்டும், குறைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்களின் தேவை இந்தச் சோதனையைக் கூர்மையாக்கியது. என் தங்கை அது ஏற வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறாள்.

48 மணி நேரக் கணக்கு இன்னும் பிந்தியது. 1981ல் காதர் என்ற மருத்துவரும் சகாக்களும், சாதாரணக் கர்ப்பத்தில் இந்த எண் இரண்டு நாளில் குறைந்தது 66 சதவீதம் ஏறும் என்று எழுதினார்கள். அவர்கள் தேடியது கருக்குழாயில் தங்கிவிடும் கர்ப்பத்தை. அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆனால் எத்தனை பெண்களை வைத்துச் சொன்னார்கள்? இருபது பேர்! அவர்கள் கணக்குப்படியே நல்ல கர்ப்பங்களில் 15 சதவீதம் அந்தக் கோட்டுக்குக் கீழே விழும். 2004ல் பார்ன்ஹார்ட் குழு 287 பெண்களை வைத்துப் பார்த்தபோது கோடு 53 சதவீதத்துக்கு இறங்கியது. அதாவது 'டபுள் ஆகணும்' என்பதே கிடையாது.

சரி, அந்த மூணு வாரம்? பீட்டா சோதனை வந்த அதே 1972ல், கிளாஸ்கோவில் ஹியூ ராபின்சன் ஏழு வாரக் கருவின் இதயத் துடிப்பை அல்ட்ராசவுண்டில் பிடித்தார். ரத்தம் நாலாவது வாரத்திலேயே சொல்லிவிடும். துடிப்பைப் பார்க்க ஏழாவது வாரம் ஆகவேண்டும். என் தங்கை இப்போது அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறாள்.

நேற்று போன் பண்ணினாள். "பிரைவேட்ல இன்னொரு தடவை ரத்தம் குடுத்துப் பார்க்கவாக்கா?" எண் குறைந்திருந்தால் அதை ஏற்ற மருந்து கிடையாது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அதைச் சொல்ல மனசு வரவில்லை. படித்த கதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த இருபது பேருக்கும் என்ன ஆச்சு?" என்றாள்.

"கரு நல்லபடியா இருந்தவங்களாப் பார்த்துத்தான் எடுத்திருக்காங்கடி."

"ம்."

ஸ்கேன் வருகிற செவ்வாய்க்கிழமை.