வாதநோய் தந்த விளையாட்டு

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று விழாக் குழுவினர் கேட்டபோது, விடுதி நாள்களின் குறும்புகளை எழுதலாமென்றுதான் நினைத்தேன். ஆனால் போன முறை கூடியபோது எங்கள் செட்டு ஆட்கள் பேசித் தீர்த்ததெல்லாம் முழங்கால் வலியைப் பற்றித்தான்! ஆகவே, வலியிலிருந்து பிறந்த ஒரு விளையாட்டின் வரலாற்றைச் சொல்கிறேன்.

புதுவையில் வளர்ந்த நமக்கு 'சொல்தா' என்ற சொல் புதிதல்ல. பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம்மவர்களுக்கு ஊர் வைத்த பெயர் அது. இந்தோசீனா, அல்ஜீரியா என்று போய் வந்தவர்கள் அவர்களில் உண்டு. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் இணைப்பு சட்டப்படி நிறைவேறியது. பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுமென்பவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாத அவகாசம் இருந்தது. எழுதிக் கொடுத்தவர்களில் என் பெரியப்பாவும் ஒருவர். பென்ஷனோடு அவர்களுக்கு இன்னொரு சொத்தும் இருந்தது: பெத்தாங்க்.

பெத்தாங்க் என்றால் இரும்புக் குண்டு ஆட்டம். தரையில் ஒரு சிறு வட்டம் போட்டு அதில் நின்றுகொண்டு, 6 முதல் 10 மீட்டர் தள்ளிக் கிடக்கும் சின்ன மரக் குண்டுக்கு அருகில் நம் குண்டு போய் நிற்கும்படி வீச வேண்டும். 13 புள்ளி முதலில் எடுத்தவர் வெற்றி.

தென் பிரான்சில் இதற்கு முன்பிருந்த ஆட்டத்தில் ஓடி வந்து குண்டு வீசுவார்கள். மார்செய் அருகே லா சியோத்தா என்ற ஊரில் ழூல் லெனுவார் என்ற தேர்ந்த ஆட்டக்காரருக்கு வாதநோய் வந்து ஓட முடியாமல் போயிற்று. அவரும் ஆட வேண்டுமென்று 1907 வாக்கில் அவருடைய நண்பர் எர்னெஸ்ட் பித்தியோ விதியையே மாற்றினார். ஓட்டம் கிடையாது, தூரமும் குறைவு. வட்டத்துக்குள் இரண்டு பாதமும் ஊன்றி நின்றால் போதும். அந்த வட்டார மொழியில் 'ஊன்றிய பாதம்' என்பதே பெத்தாங்க் ஆனது. நோயாளியை வெளியே உட்கார வைக்காமல் ஆட்டத்தை வளைத்தார்களே, அதுதான் பெரிய விஷயம்.

பெரியப்பாவுக்கு எழுபது தாண்டியபோது குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, மனசுதான் முறிந்தது. நாலு மாதம் நாற்காலியே கதி. எழுந்திருக்க ஒரு கை வேண்டும். ஒருநாள் என்னிடம், "எனக்கு வேற ஒண்ணும் வேணாம்டா தம்பி, கக்கூசுக்கு நானா போய் வந்தா போதும்" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கூட்டாளிகள் இரண்டு பேர் ரிக்ஷா வைத்து மைதானத்துக்கு அழைத்துப் போனார்கள். முதல் வாரம் புள்ளி எண்ணும் வேலை. அப்புறம் உட்கார்ந்தபடியே வீசினார். பிறகு நாற்காலி முதுகைப் பிடித்து நின்று வீசினார். ஒவ்வொரு சுற்றுக்கும் குண்டைத் தேடி நடக்க வேண்டும் அல்லவா? அந்த நடைதான் மருந்து. குனிய முடியாதவர்களுக்குக் கயிற்றில் காந்தம் கட்டிக் குண்டை எடுக்கும் வழி உண்டு. ஆறு மாதத்தில் அதையும் வேண்டாமென்றார். அதற்கப்புறம் கடைசி வரை தம் வேலையைத் தாமே பார்த்துக்கொண்டார்.

65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் 3 நாளாவது உடல் சமநிலைக்கும் தசை வலுவுக்கும் பயிற்சி செய்ய வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கூறியது. பெரியப்பாவின் கூட்டம் இதையெல்லாம் படித்ததில்லை. சாயங்காலம் ஆனால் குண்டுப் பையோடு கிளம்பிவிடும், அவ்வளவுதான். குண்டு ஆட்டம் ஒன்றே போதுமென்று நான் சொல்லவில்லை. கடற்கரைச் சாலையில் ஒரு நடையும், நாற்காலியில் கைபிடிக்காமல் பத்து தரம் உட்கார்ந்து எழுவதும் சேர்ந்தால் நல்லது. தலைசுற்றல், நெஞ்சுவலி உள்ளவர்கள் முதலில் டாக்டரைப் பார்க்கட்டும்.

அந்தத் தலைமுறை சொல்தாக்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். மாணவத் தம்பி தங்கைகளே, அவர்களிடம் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். நண்பர்களே, அடுத்த சந்திப்புக்கு நான் ஒரு செட்டு குண்டு கொண்டுவருகிறேன். வட்டம் போட நம் கல்லூரி மைதானத்தில் ஒரு மூலை போதும். முழங்கால் வலிக்காரர்களுக்கே முதல் வீச்சு!