ஒரு கொசுகூட மிஞ்சக்கூடாது

1928-இல் ரியோ டி ஜெனிரோவில் மஞ்சள் காய்ச்சல் மறுபடி தலைகாட்டியபோது பிரேசில் திகைத்துப் போனது. ஓஸ்வால்டோ குரூஸ் என்ற மருத்துவர் அந்த ஊரை விட்டு நோயைத் துரத்தி இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஹவானாவில் கோர்காஸ் என்ற மருத்துவர் மஞ்சள் காய்ச்சலை ஒழித்தாரே, கிட்டத்தட்ட அதே வழிதான்: வீடு வீடாகப் போ, தொட்டியை மூடு, தேங்கிய நீரைக் கொட்டு. நோய் போய்விட்டது. கொசு போகவில்லை.

நூறு வீடுகளில் ஐந்துக்கும் குறைவான வீடுகளில் புழு இருந்தால் போதும், மஞ்சள் காய்ச்சல் தானாக அடங்கிவிடும் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு வீடுகளைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஃபிரெட் சோப்பர் கவலைப்பட்டார்.

சோப்பர் அமெரிக்கர். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் மருத்துவர். 1930-இல் பிரேசில் பணியின் தலைமைக்கு வந்தவர். எதிரி ஏடிஸ் எஜிப்தி என்ற கொசு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் அமெரிக்கக் கண்டத்துக்கு வந்தது. சாக்கடையை அது அதிகம் தேடுவதில்லை. நாம் குடிக்கப் பிடித்து வைக்கும் நீர்தான் அதற்குப் பிடிக்கும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் முட்டையிடும். பானை காய்ந்து போனாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மறுபடி தண்ணீர் ஊற்றினால் பொரிக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

சோப்பரின் ஏற்பாட்டில் கொசுவைவிடக் கடுமையாகக் கண்காணிக்கப்பட்டவர்கள் ஆய்வாளர்கள்தான். இன்ன தேதியில், இன்ன மணிக்கு, இன்ன தெருவில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் அட்டவணை. பின்னாலேயே மேற்பார்வையாளர் வருவார். அவரைச் சரிபார்க்க அவருக்கும் மேலே ஒருவர். ஒரு கதை சொல்வார்கள்: ரியோவில் ஒரு வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. அந்த நேரத்தில் அங்கே இருந்திருக்க வேண்டிய ஆய்வாளர் இறந்திருப்பார் என்று எண்ணி, அவர் மனைவிக்கு இரங்கல் சொல்லி அனுப்பினார் சோப்பர். மறுநாள் மனிதர் முழுசாக வேலைக்கு வந்து நின்றார். உயிரோடிருந்த குற்றத்துக்காக வேலை போனது.

1932-இல், பிரேசிலை ஆண்ட சர்வாதிகாரி வர்காஸின் அரசு, எந்த வீட்டுக்குள்ளும் நுழையவும் அபராதம் விதிக்கவும் இந்தப் படைக்கு அதிகாரம் கொடுத்தது. காய்ச்சலில் விழுந்து சில நாட்களில் இறந்தவர்களின் ஈரலிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சோதனைக்கு அனுப்பும் வழக்கமும் வந்தது. பிணத்தைக் கிழிப்பதா என்று ஊர்கள் கொதித்தன. ஈரல் எடுக்கப் போனவர்களில் சிலர் கொல்லப்பட்டார்கள். சர்வாதிகாரம் இல்லாத நாட்டில் இது நடந்திருக்குமா என்பது நியாயமான கேள்வி. சோப்பரை என்னால் விரும்ப முடியவில்லை. ஆனால் அவர் கணக்கில் பிழை கண்டுபிடிக்கவும் முடியவில்லை.

அதே 1932-இல் எஸ்பிரிட்டோ சாண்டோ மாநிலத்தின் கனான் பள்ளத்தாக்கில் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. ஏடிஸ் எஜிப்தியே இல்லாத இடத்தில் மஞ்சள் காய்ச்சல்! காட்டுக் குரங்குகளிடையே வேறு கொசுக்கள் அந்தக் கிருமியைச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தன. அப்படியானால் நோயை அடியோடு ஒழிக்க வழியே இல்லை. சோப்பர் இலக்கை மாற்றினார். காட்டில் கிருமி இருந்துவிட்டுப் போகட்டும். ஊருக்குள் அதைப் பரப்பும் கொசு ஒன்றுகூட மிஞ்சக்கூடாது. 1937-இல் மேக்ஸ் தைலரின் தடுப்பூசி வந்த பிறகும் அவர் இந்தப் பிடிவாதத்தை விடவில்லை.

பக்கத்து நாட்டில் கொசு இருக்கும்வரை பிரேசிலுக்கு நிம்மதி இல்லை. 1947-இல் பிரேசில் முன்மொழிய, கண்டம் முழுவதும் ஏடிஸ் எஜிப்தியை ஒழிப்பது என்று அமெரிக்க நாடுகள் கூடித் தீர்மானித்தன. அந்த ஆண்டுதான் சோப்பர் பான் அமெரிக்க சுகாதார அமைப்பின் தலைவரானார். டிடிடி பூச்சிமருந்து கைக்கு வந்திருந்தது. 1958-இல் பிரேசில் ஏடிஸ் இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. 1962-க்குள் கண்டத்தின் 18 நாடுகள் அந்தப் பட்டியலில் இருந்தன.

அமெரிக்க ஐக்கிய நாடுகள் அதில் இல்லை. 1905-இல் நியூ ஆர்லியன்ஸில் பரவியதற்குப் பிறகு அங்கே மஞ்சள் காய்ச்சல் பெரிதாகப் பரவியதே இல்லை. இல்லாத நோய்க்கு எதற்குச் செலவு என்ற எண்ணம். 1960-களின் நடுவில் அரைமனதோடு தொடங்கி, 1969-இல் கைவிட்டார்கள். கரீபியத் தீவுகள் பலவற்றிலும் கொசு இருந்தது. மருந்துக்கு அடங்காத வம்சமும் உருவாகியிருந்தது. ஒழித்த நாடுகளோ ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டன. 1967-இல் பிரேசிலின் பெலெம் நகரில் ஏடிஸ் மறுபடி அகப்பட்டது.

இந்த முறை அதன் கூட்டாளி டெங்கு. நான்கு வகை உண்டு. ஒன்று வந்து போன உடலில் இன்னொன்று நுழைந்தால் ஆபத்து கூடும். சோப்பர் இறந்த 1977-இல் முதல் வகை கியூபாவில் பரவியது. 1981-இல் இரண்டாம் வகை வந்தது. 3,44,203 பேர் படுத்தார்கள்; இறந்த 158 பேரில் 101 பேர் குழந்தைகள். ஆயிரக்கணக்கான ஆட்களை அமர்த்தி, வீடு வீடாகத் தொட்டிகளைச் சோதித்து, அக்டோபருக்குள் அதை அடக்கினார்கள். பிரேசிலின் போவா விஸ்டாவில் அதே ஆண்டில் டெங்கு தொடங்கியது.