வெள்ளைப் புள்ளியும் செப்பு மருந்தும் பவளமும்: ஒரு தொட்டி வரலாறு

கடல் மீன் வளர்க்கிற நண்பர்கள் நாலு பேர்கிட்ட, "ரீஃப் டேங்க் மீனுக்கு உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, என்ன மருந்து போடலாம்?"னு கேட்டுப் பாருங்க. அஞ்சு பதில் வரும் :-) இத்தனைக்கும் இந்த நோயை ஆராய ஆரம்பிச்சு நூறு வருஷம் நெருங்குது. அந்தக் கதை தெரிஞ்சா, பதில் ஏன் இவ்வளவு குழப்பமா இருக்குன்னும் புரிஞ்சிடும்.

லண்டன் விலங்குக் காட்சி சாலையில் 1853-லேயே பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறந்துட்டாங்க. 1924-ல் அங்கேயே இன்னும் பெரிசா ஒண்ணு வந்தது. வெவ்வேறு கடல்களில் பிடிச்ச மீன்கள் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில். கடலில் ஒரு ஒட்டுண்ணியின் குஞ்சு அடுத்த மீனைத் தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள பெரும்பாலும் செத்துடும். தொட்டியிலோ எந்தப் பக்கம் போனாலும் மீன்தான்.

அங்கே செத்த மீன்களின் செவுளில் ஈ.எம்.பிரவுன் என்ற ஆய்வாளர் ஒரு நுண்ணுயிரைப் பார்த்து, 1931-ல் பெயர் வெச்சார். இன்னைக்கு அதை அமைலோடினியம்னு சொல்றோம். வளர்க்கிறவங்க பாஷையில் வெல்வெட். 1936-ல் நியூயார்க் காட்சியகத்தின் ராஸ் நிக்ரெல்லி இதன் வாழ்க்கைச் சுழற்சியை விரிவா எழுதினார்.

இதே மாதிரி புள்ளி வைக்கிற இன்னொரு ஆசாமியை ஜப்பானில் சிகாமா என்பவர் 1930-களில் கவனிச்சார். அதுக்கு 1951-ல் கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ்னு பெயர் வெச்சதும் அதே பிரவுன்தான். இதுதான் கடல் 'இக்'. நீமோ படத்து டோரி இருக்கே, அந்த நீல டாங்க் வகை மீன் இந்த நோய்க்கு ரொம்பப் பேர் போனது.

ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கிறதுதான் உயிர் பிரச்சினை. இக் புள்ளி உப்புக்கல் மாதிரி, எண்ணலாம். வெல்வெட் மாவு தூவின மாதிரி, எண்ண முடியாது. வெல்வெட் முதல்ல செவுளைத்தான் பிடிக்கும். உடம்பில் ஒரு புள்ளிகூட தெரியாமல், மீன் வேகவேகமா மூச்சு வாங்கி ஓரிரு நாளில் செத்துப் போகலாம். இக் என்றால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

சரி, மருந்து? 1955-ல் சான் பிரான்சிஸ்கோ ஸ்டைன்ஹார்ட் காட்சியகத்தின் ராபர்ட் டெம்ப்ஸ்டர், வெல்வெட்டுக்குக் காப்பர் சல்ஃபேட் கேட்கும்னு எழுதினார். லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் காப்பர் என்கிற அளவு அப்புறம் பல காலம் எல்லாருக்கும் மனப்பாடம். காப்பர் மீன்மேல் ஒட்டியிருக்கிறதைக் கொல்லாது. நீந்தித் திரியும் குஞ்சுகளைத்தான் கொல்லும். அதனால்தான் வாரக்கணக்கில் அளவு குறையாமல் வைக்கணும்.

இங்கேதான் கதை திரும்புது. 1961-ல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிருள்ள பாறையும் பவளமும் போட்டு, வெறும் காற்றுக்குமிழியை மட்டும் வெச்சு கடல் தொட்டியை நடத்தலாம்னு ஒரு அமெரிக்க மீன் பத்திரிகையில் எழுதினார். 1980-களில் ரீஃப் டேங்க் மோகம் மேற்கு நாடுகளில் பரவிச்சு. ஆனா காப்பர் பவளத்தையும் இறாலையும் நத்தையையும் கொன்னுடும். பாறை காப்பரை உறிஞ்சிக்கும், அளவும் நிக்காது. மீனைக் காப்பாத்தக் கண்டுபிடிச்ச மருந்து, மீனின் வீட்டுக்கே விஷம்!

வழி சொன்னது புது மருந்து இல்லை, நாள்கணக்கு. இஸ்ரேலின் எய்லாத்தில் ஏஞ்சலோ கொலோர்னி 1980-களில் இக்கின் சுழற்சியைப் பொறுமையா அளந்தார். மீன்மேல் 3 முதல் 7 நாள். அப்புறம் கீழே விழுந்து, மணலிலோ பாறையிலோ ஒட்டிக் கூடு கட்டும். "புள்ளி போயிடுச்சு, மீன் பிழைச்சுது"ன்னு நாம சந்தோஷப்படுறது இந்த நேரத்தில்தான். ஒவ்வொரு கூட்டிலிருந்தும் நூறு, இருநூறு குஞ்சுகள் வரலாம். அதுக்கு 3 முதல் 28 நாள் ஆகும். 72 நாள் வரைகூடப் பதிவாகியிருக்கு. வெளியே வந்த குஞ்சுக்கு ஓரிரு நாளுக்குள் மீன் கிடைக்கலைன்னா அதோட கதை முடிஞ்சது.

கணக்கு தெரிஞ்சதும் வைத்தியம் தானா வந்தது. மீனை 3 நாளுக்கு ஒரு முறை புதுத் தொட்டிக்கு மாத்தினால், விழுந்த கூடுகள் பொரியறதுக்கு முன்னாடியே பழைய தொட்டியில் நின்னுடும். நாலு முறை மாத்தினால் மீன் சுத்தம். ஆனா இது இக்குக்கான கணக்கு. வெல்வெட்டின் கூடு இன்னும் சீக்கிரம் பொரியும் என்பதால் அதுக்குத் தனித் தொட்டியில் காப்பர் மாதிரி மருந்துதான். பவளத் தொட்டியில் மருந்தே வேண்டாம், மீன் இல்லாமல் சுமார் 11 வாரம் விட்டால் இக் பட்டினியில் அழியும்.

இவ்வளவு தெரிஞ்சும் புது மீனை நேரா ரீஃப் டேங்க்கில் விடுறவங்கதான் அதிகம். தனித் தொட்டியில் சில வாரம் வைக்கப் பொறுமை இல்லை. கடைக்கு வர்ற கடல் மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை அல்ல, பவளப்பாறையிலிருந்து பிடிச்சுட்டு வந்தவை. நம்ம தொட்டியில் ஒண்ணு செத்தால், இன்னொண்ணை அங்கிருந்துதான் பிடிக்கணும். அந்தச் சில வாரம் நாம அதுக்குக் கொடுக்க வேண்டிய கடன்.