சுனகாவா உழவர்களின் அறப்போர்



உழவன் தன் நிலத்தில் முன்னோரின் உழைப்பையும் மக்களின் வாழ்வையும் ஒருங்கே காண்கிறான். அந்நிலத்தை அயல்நாட்டுப் படைக்காக விட்டுக்கொடு என்று தன் நாட்டு அரசே கேட்குமானால் அவன் யாது செய்வான்? ஜப்பான் நாட்டுச் சுனகாவா என்னும் சிற்றூர் இவ்வினாவுக்கு அளித்த விடையைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

டோக்கியோ மாநகருக்கு மேற்கே தாச்சிகாவாவில் ஒரு விமான தளம் இருந்தது. ஜப்பானியப் படை 1922-ஆம் ஆண்டில் அமைத்த அத்தளம், 1945-இல் அந்நாடு போரில் தோற்றபின் அமெரிக்கர் கைக்கு மாறிற்று. 1952-இல் ஜப்பான் மீண்டும் தன்னாட்சி பெற்றது. எனினும் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி அமெரிக்கப் படைகள் அங்கேயே தங்கின. 1955-ஆம் ஆண்டு மே திங்களில், ஓடுபாதையை நீட்டுவதற்குச் சுனகாவாவின் விளைநிலங்களும் வீடுகளும் வேண்டும் என்ற செய்தி ஊரை எட்டியது.

ஊரார் ஒன்றுகூடினர், ஊர்மன்றமும் எதிர்ப்புத் தெரிவித்தது. நில அளவையாளர் காவலர் புடைசூழ வந்தபோது அபாய மணி ஒலித்தது. ஆடவரும் பெண்டிரும் முதியோரும் வழிமறித்து நின்றனர். தொழிலாளரும் மாணவரும் துணைக்கு வந்தனர். நிலத்தில் முளை அடிக்கப்படினும் நெஞ்சில் முளை அடிக்க ஒண்ணாது என்பதே அவர்தம் முழக்கம்.

அக்கூட்டத்தில் பௌத்தத் துறவிகளும் கைப்பறை முழக்கி வழிபட்டவண்ணம் நின்றனர். அவர்களுடைய சங்கத்தை நிறுவிய நிச்சிதாத்சு பூஜி அடிகள், 1933-இல் வார்தாவில் காந்தியடிகளைக் கண்டு பழகியவர். நம் நாட்டில் தழைத்த அறப்போர் நெறியின் உறவு, இவ்வாறு சுனகாவாவுக்கும் உண்டு.

1956-ஆம் ஆண்டு அக்டோபர் 12, 13 ஆகிய நாள்களில் காவலரின் தடியடியால் ஆயிரம் பேர் அளவில் காயமுற்றனர். பொழுது சாயும் வேளையில், மக்கள் செந்தும்பியைப் பற்றிய குழந்தைப் பாடலைப் பாடியவாறு காவலர் எதிரே நின்றனர். மறுநாள் அரசு அளவைப் பணியை நிறுத்தியது.

1957 ஜூலையில் மீண்டும் அளவை தொடங்கியபோது, சிலர் தளத்தின் வேலியைக் கடந்தனர். எழுவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1959 மார்ச் 30-ஆம் நாள் டோக்கியோ மாவட்ட நீதிமன்ற நீதிபதி தாத்தே அகியோ அவர்களை விடுதலை செய்தார். படை வைத்துக்கொள்வதை விலக்கும் அரசியலமைப்பின் 9-ஆம் பிரிவுக்கு அமெரிக்கப் படைகள் அங்குத் தங்குவது முரணானது என்பது அவர் தீர்ப்பு. அவ்வாண்டு டிசம்பர் 16-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிற்று. இத்தகைய அரசியல் பொருளை நீதிமன்றம் ஆராய்தல் பொருந்தாது என்றது. பின்னர் எழுவருக்கும் தலைக்கு 2,000 யென் தண்டம் விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு முன்பே தலைமை நீதிபதி இவ்வழக்கைப் பற்றி அமெரிக்கத் தூதருடன் பேசியிருந்தார் என்பது, 2008-இல் வெளிப்பட்ட அமெரிக்க அரசு ஆவணங்களால் தெரியவந்தது.

வழக்குத் தோற்றது, நிலம் நிலைத்தது. விற்க மறுத்த குடும்பங்கள் உறுதி தளரவில்லை. 1968-இல் அமெரிக்கர் ஓடுபாதைத் திட்டத்தைக் கைவிட்டனர். 1977-இல் தளம் முழுவதும் ஜப்பானிடம் திரும்பியது. அதன் ஒரு பகுதியில் 1983-இல் பெரும் பூங்கா ஒன்று திறக்கப்பட்டது.

ஆயினும் வெற்றியின் எல்லையையும் கூறுதல் வேண்டும். தாச்சிகாவாவின் பணிகள் அருகிலுள்ள யோகோத்தா தளத்துக்குச் சென்றன. ஜப்பானிய நிலப்பரப்பில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த ஒகினாவா, அந்நாட்டிலுள்ள அமெரிக்கத் தளங்களின் பரப்பில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை இன்றும் சுமக்கிறது. ஓர் ஊர் இறக்கிய சுமை வேறோர் ஊரின் தோளில் ஏறுவதும் உண்டு. ஆதலால் சுனகாவாவில் எழுந்த வினா இன்னும் முடியவில்லை. படைக்கலம் ஏதுமின்றி உழவர் அதை எழுப்பினர். அவர் காத்த மண் அதற்குச் சான்றாய்க் கிடக்கிறது.