ஆர்கேட்டாவின் கழிவுநீர் கடல் சேரும் வழி

கலிபோர்னியாவின் வட கடற்கரையில், சான்பிரான்சிஸ்கோவிலிருந்து சுமார் 450 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது ஆர்கேட்டா. ஏறத்தாழ 18,000 பேர் வாழும் சிற்றூர். அங்கே ஒரு வீட்டுக் கழிப்பறையில் கொட்டிய தண்ணீர், குளித்த நீரோடும் பாத்திரம் கழுவிய நீரோடும் கலந்து பாதாளச் சாக்கடை வழியே ஹம்போல்ட் விரிகுடாவின் கரைக்கு வந்து சேர்கிறது. ஆனால் உடனே கடலில் கலந்துவிட முடியாது. அதற்கு முன் நெடும்பயணம் இருக்கிறது.

முதலில் கம்பிச் சல்லடை. துணி, பிளாஸ்டிக் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். அடுத்த தொட்டிகளில் மணல் படியும், பிறகு மலமண்டி அடியில் தங்கும். காற்றுப் புகாத தொட்டியில் மண்டியைப் பாக்டீரியாக்கள் செரிக்கின்றன. மீத்தேன் வாயு பிறக்கிறது. மிஞ்சும் மண்டி மக்கி உரமாகிறது.

மேலே தெளிந்த நீர் 1957-இல் வெட்டிய அகன்ற குளங்களுக்குப் போகிறது. வெயிலில் பாசி வளர்ந்து ஆக்சிஜனை விடுகிறது. அதைக் கொண்டு பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்கின்றன. நீர் பச்சைப் பசேலென்று ஆகிறது. இப்போது அந்தப் பாசியே அழுக்கு. அதை எப்படி நீக்குவது?

இந்தக் கேள்வியில்தான் ஆர்கேட்டா தன் வழியைக் கண்டது. விரிகுடாக்களில் கழிவுநீரை விடுவதற்கு 1974-இல் மாநில அரசு கடும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. விடும் நீரால் விரிகுடாவுக்கு நன்மை உண்டு என்று நிரூபித்தால்தான் அனுமதி. சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் சேர்த்து, 5 கோடி டாலருக்கு மேல் செலவாகும் பொது ஆலை ஒன்று திட்டமிடப்பட்டது. ஆர்கேட்டா அதை ஏற்கவில்லை. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் பொறியாளர் ராபர்ட் கியர்ஹார்ட்டும் மீன்வள அறிஞர் ஜார்ஜ் ஆலனும், சதுப்பு நிலமே போதும் என்றார்கள். ஆலன் ஏற்கெனவே கழிவுநீரையும் கடல்நீரையும் கலந்து சால்மன் குஞ்சுகளை வளர்த்துக் காட்டியவர். 1979 முதல் 1982 வரை சோதனை நடந்தது. 1983-இல் அனுமதி கிடைத்தது. 1986-இல் சதுப்பு நிலம் திறக்கப்பட்டது.

குளத்து நீர் அங்கே சம்பங்கோரைக்குள் நுழைகிறது. நெருங்கி வளர்ந்த கோரை வெயிலை மறைப்பதால் பாசி செத்து அடியில் படிகிறது. நீருக்குள் மூழ்கியிருக்கும் தண்டுகள் மேல் வழவழப்பான ஏடு படர்ந்திருக்கும். அது முழுக்க நுண்ணுயிர்கள். ஓடும் நீரில் எஞ்சிய அழுக்கைப் பிடித்துத் தின்பவை அவையே. கோரையின் பெரிய உதவி, அவற்றுக்கு இருக்க இடம் கொடுப்பதுதான்.

1986-இல் வகுத்த முறைப்படி, அதன்பின் குளோரின் கலந்து கிருமிநீக்கம் நடந்தது. பிறகு ஆலன், கியர்ஹார்ட், ஹௌசர் என்று பெயரிட்ட சதுப்புகளைச் சுற்றி வந்தது நீர். அங்கிருந்து திரும்பி வந்து மறுபடி குளோரின் கலந்து, அந்தக் குளோரினின் வீரியத்தையும் முறித்த பிறகே விரிகுடாவில் இறங்கியது. அந்த விரிகுடாவில் சிப்பி வளர்க்கிறார்கள். மனிதர் உண்ணும் சிப்பி. ஆகவே இந்தக் கண்டிப்பில் மிகை எதுவும் இல்லை.

மூடிய குப்பைமேடும் கைவிட்ட மர ஆலை நிலமும் இருந்த கரை இன்று சுமார் 300 ஏக்கர் சரணாலயம். 300-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் அங்கே பதிவாகியுள்ளன. மக்கள் நடைப்பயிற்சிக்கு வருகிறார்கள்.

குறைகளும் உண்டு. மாரிக்காலத்தில் பழைய குழாய்களுக்குள் மழைநீர் புகுந்து வரத்து பெருகிவிடுகிறது. கடல்மட்டம் உயர்வதால் கரைக்கும் ஆபத்து. இயந்திரத்தையும் மின்சாரத்தையும் கூட்டினால் நீரைச் சீக்கிரம் சுத்தமாக்கலாம். ஆர்கேட்டா கொடுத்தது நிலமும் வாரக்கணக்கான அவகாசமும். பெருநகரத்துக்கு அந்த அளவு நிலம் எளிதில் கிடைக்காது. சிற்றூருக்கோ, ஆலை எழுப்பக் கடன் தேடும் முன் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் சொத்தே அதுதான்.