தோம்பேடு முதல் உதவிப்பணம் வரை

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். ஊர்காவற்றுறை அமைந்த தீவு லைடன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவுக்கு வாய்த்த டெல்வ்ற் என்னும் பெயரோ இன்றும் ஆங்கிலத்தில் வழங்குகிறது. நிலத்தையும் குடிகளையும் அவர்கள் தோம்பேடுகளிற் பதிந்தனர். வரியும் ஊழியமும் பெறுதலே அப்பதிவின் நோக்கம். கொடுப்பதற்காக மக்களை எண்ணுவது பிற்காலத்து வழக்கம். அது இன்னும் கடினமானது என்பதை வலுவிழந்தோர் பற்றிய இலங்கைச் சட்டங்களின் வரலாறு காட்டும்.

1988இல் வெளிவந்த சுற்றறிக்கையொன்று, அரசாங்க வேலைகளில் நூற்றுக்கு மூன்றை வலுவிழந்தோர்க்கு ஒதுக்கியது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அவர்தம் உரிமைகளைப் பாதுகாக்கும் பொருட்டு ஒரு தேசிய பேரவையை நிறுவியது. உடற்குறையாலோ உளக்குறையாலோ தம் வாழ்க்கைத் தேவைகளை முழுதாகவோ ஓரளவோ தாமே நிறைவேற்றிக்கொள்ள இயலாதவரே அச்சட்டத்தின் கண் வலுவிழந்தோர். சட்டம் பிறந்து ஐந்தாண்டுகளின் பின், 2001இல், குடிசன மதிப்பு நடைபெற்றது. வலுவிழந்தோர் 274,711 பேர் எனக் கண்டனர். ஆயின், போர் காரணமாக 18 மாவட்டங்களில் மட்டுமே அக்கணிப்பு முழுமை பெற்றது. யாழ்ப்பாணம் அவற்றுள் ஒன்றன்று. 1981க்கும் 2012க்கும் இடையே, தீவகத்து மக்கள் பலர் இடம்பெயர்ந்தும் காயமுற்றும் வாழ்ந்த அதே முப்பத்தோராண்டுகளில், அவர்களுக்கு முழுமையான குடிசன மதிப்பு இல்லை.

2012இல் தொகை 1,617,924 ஆயிற்று. ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 8.7. பத்தாண்டுகளில் வலுவிழந்தோர் அறுமடங்காகப் பெருகிவிடவில்லை, கேள்வியே மாறியது. “குறைபாடு உண்டோ?” என்னும் நோக்கை விடுத்து, பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில், நினைவு கொள்வதில், தம்மைப் பராமரிப்பதில், பிறரோடு பேசிப் புரிந்துகொள்வதில் எவ்வளவு சிரமம் என்று வினவினர். சிறிதளவு சிரமமும் கணக்கிற் சேர்ந்தது. பார்வைச் சிரமமுடையோர் மட்டும் ஏறத்தாழப் பத்து இலட்சம். மூப்பினாற் கண் மங்கியவரும் இதில் அடங்குவர். இது சட்டம் சொன்ன வரையறையினும் மிக அகன்றது.

ஆதலின், சட்டங்களாற் பயனுற்றோர் எத்தனை பேர் என்னும் வினாவுக்கு விடை, எத்தொகையாற் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 2023இல் அஸ்வெசும திட்டம் தொடங்கியபோது, வலுவிழந்தோர்க்கான மாதாந்தக் கொடுப்பனவு 72,000 பேர்க்கென வகுக்கப்பட்டது. 2012இன் தொகையோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு நான்கரைக்குச் சற்றுக் குறைவு. எனினும் கொடுப்பனவு வறியோர்க்கே உரியது. எனவே இவ்விகிதத்தை அப்படியே கொள்வது நேரிதன்று. 72,000 என்ற அந்த முழு எண்ணும் ஐயத்துக்குரியது. இயலாமை ஆயிரம் ஆயிரமாக வருவதில்லை; திறைசேரியின் ஒதுக்கீடே அவ்வாறு வரும். தேவையை அன்றி, பணத்தின் அளவையே அது சொல்கிறது.

இனித் தீவகத்தைப் பார்ப்போம். நெடுந்தீவுக்குத் தனிப் பிரதேச செயலகம் உண்டு. நயினாதீவோ வேலணைச் செயலகத்தின் கீழுள்ளது. நயினாதீவில் நடக்க இயலாத ஒருவர் அச்செயலகம் செல்லவேண்டின், குறிகட்டுவான் வரை படகு. பின்னர் புங்குடுதீவைக் கடந்து, வாணர் தாம்போதி வழியே வேலணை. பொதுக் கட்டடங்களும் பொதுச் சேவைகளும் வலுவிழந்தோர் அணுகத்தக்கனவாதல் வேண்டும் என 2006இன் ஒழுங்குவிதிகள் விதித்தன. இறங்குதுறையிலிருந்து அலையிலாடும் படகிற்குள் ஒருவரைத் தூக்கி இறக்கும் கைகள் எவ்வேட்டிலும் பதியப்படுவதில்லை. படகேற இயலாது வீட்டிலேயே தங்கிவிட்டவர், விண்ணப்பமே செய்யாதவராய், பயன்பெற்றோர் பட்டியலிலும் இல்லை, காத்திருப்போர் பட்டியலிலும் இல்லை.